பதினேழாம் நம்பர் படகு

ஒரே ஒரு கயிறுதான் பாக்கி. மற்றதையெல்லாம் அவிழ்த்தாகிவிட்டது. காற்று பாயின் கன்னத்தை உப்ப வைத்திருந்தது. படகு, பள்ளிக்கூட மணி அடிக்கக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி இருப்புக் கொள்ளாமல் துள்ளியது. டிரைவர் மட்டும் அந்தக் கடைசிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டார்.

"என்ன சார், காத்துதான் வந்துடுச்சே. இன்னும் யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"விசிலுக்கு."

"விசிலா?"

"ஆமா. ரெண்டு விசில் வந்தாத்தான் வண்டி கிளம்பும்."

அந்த ஆள் மேலே கேட்பதற்குள் படகின் அறைக்குள்ளிருந்து கண்டக்டரம்மா வெளியே வந்தாள். அடுப்பை அணைத்தாகிவிட்டது, அலமாரியைப் பூட்டியாகிவிட்டது. இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், பின்னால் யாராவது ஓடி வருகிறார்களா என்றும் ஒரு தடவை பார்த்தாள். டிரைவர் சுக்கான் பிடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடினார். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். அதற்குள் கடவுளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். அவர் கண்ணைத் திறந்த பிறகு, கழுத்தில் தொங்கிய விசிலை அவள் வாயில் வைத்தாள்.

பீப், பீப்.

படகு கிளம்பியது.

முப்பத்திரண்டு வருஷம் இதே மாதிரிதான். கடற்கரைச் சாலையில் போகும் பதினேழாம் நம்பர் பஸ்ஸுக்கு அவர் டிரைவர், அவள் கண்டக்டர். முதல் ஐந்து வருஷம் வெறும் வேலைப் பழக்கம். அப்புறம் கல்யாணம். கல்யாணம் ஆனவர்களை ஒரே வண்டியில் போடக் கூடாது என்று டெப்போ மேலாளர் சொன்னபோது, "வேற வண்டியில போட்டா இவர் பிரேக்கை யார் சொல்லி மிதிப்பாரு?" என்று அவள் கேட்டாள். மேலாளர் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பஸ் போகும்போது வலது பக்கம் முழுக்கக் கடல். தூரத்தில் பாய்மரப் படகுகள் வெள்ளை வெள்ளையாக நிற்கும். ஒருநாள் அங்கேயிருந்து இந்தச் சாலையைப் பார்க்க வேண்டும் என்று டிரைவருக்கு ஓர் ஆசை. லீவு நாட்களில் படகுத் துறைக்குப் போய்ப் பாய் கட்டவும் இறக்கவும் கற்றுக்கொண்டார். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய படகை வாங்கினார். அதன் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்டில் '17' என்று எழுதினார். மோதாமலிருக்க இரண்டு பக்கமும் பழைய டயர்களைத் தொங்கவிட்டார்.

கண்டக்டரம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் ஒப்பந்தம் போட்டாள்.

"மகள் வீட்டு ஊர் வரைக்கும் அஞ்சு ஸ்டாப்னு சொல்றீங்க. அஞ்சு ஸ்டாப்பும் வர்றேன். அஞ்சாவதுல நான் சொல்றதுதான். போலாம்னா போலாம். வேண்டாம்னா படகைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடணும். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியம் என்றால் டிரைவருக்குச் சத்தியம்தான். அதனால் அந்தப் படகில் அவருக்கு உயிர் என்பதும், அந்த உயிர் இப்போது அவள் வாயில் இருக்கும் விசிலில் தொங்குகிறது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

எப்படியாவது அவளுக்குப் பிடித்துவிட வேண்டும் என்று அவர் படாத பாடு பட்டார். அட்டையில் நேர அட்டவணை எழுதி அறைக் கதவில் ஒட்டினார். முதல் நிறுத்தம் திங்கள் மாலை நான்கு மணி, இரண்டாவது செவ்வாய் மூன்றரை என்று வரிசையாக. கண்டக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "காத்துகிட்ட இதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். சமையல், பாத்திரம், கயிறு, பாய் எல்லாவற்றையும் அவரே செய்தார். அவள் எழுந்தால் போதும், "நீ உட்காரு, நீ உட்காரு. வாழ்க்கை பூரா நின்னாச்சு" என்று உட்கார வைத்தார். தலையணை கூட வைத்துக் கொடுத்தார்.

முதல் நாள் கரையோரமாகவே போனார்கள். சாலை நாடா மாதிரி தெரிந்தது. அதில் ஒரு பஸ் ஊர்ந்து போனது. இருவரும் ஒரே நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"நாலு நிமிஷம் லேட்டு," என்றார் டிரைவர்.

"ஆஸ்பத்திரி ஸ்டாப்புல கூட்டமா இருக்கும்," என்றாள் அவள். சொல்லிவிட்டு அந்தப் பஸ் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது நாள் ஒரு சின்ன வளைவுக்குள் ஏழெட்டு வீடுகளும் ஒரு படித்துறையும் தெரிந்தன. படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கை காட்டினார்கள்.

"கூப்பிடறாங்க. ஒரு நிமிஷம் ஒதுக்குங்களேன்."

"பட்டியல்ல இல்லம்மா. ஸ்டாப் இல்லாத இடத்துல நிறுத்தினா மூன்றரைக்குப் போய்ச் சேர முடியாது."

பஸ்ஸிலும் அவர் அப்படித்தான். நிறுத்தம் இல்லாத இடத்தில் யாராவது மூச்சிரைக்க ஓடி வந்தால், அவர் கால் தானாக நிறுத்தாது. அவள் ஒற்றை விசில் அடிப்பாள். அப்போதும் முணுமுணுத்துக்கொண்டேதான் நிறுத்துவார். இன்று அவள் விசில் அடிக்கவில்லை. பெண்களுக்குக் கையை மட்டும் ஆட்டினாள். மூன்றரைக்கு ஒரு நிமிஷம் முன்பே இரண்டாவது துறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டிரைவர் கடிகாரத்தைக் காட்டி மகிழ்ந்தார். அவள் "ம்" என்றாள். அந்த 'ம்'முக்குள் என்ன இருந்தது என்று அவர் தோண்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை, மூன்றாவது துறைமுகத்தில்தான் வினை வந்தது.

அது நெரிசலான துறை. மீன்பிடிப் படகுகளும் சுற்றுலாப் படகுகளும் தோளோடு தோள் உரசி நின்றன. பாயை இறக்கிவிட்டு எஞ்சினில் மெதுவாக உள்ளே வந்தார்கள். பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. சுருட்டிய பாயும் அறையும் மறைத்துவிடும். அதனால் கண்டக்டரம்மா முன்முனையில் நின்று விசிலால் வழி சொல்வாள். ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் போ.

பளபளவென்று துடைத்து வைத்த ஒரு வெள்ளைப் படகுக்கு இரண்டு முழம் தள்ளி அவள் ஒரு விசில் அடித்தாள். டிரைவர் நிறுத்தினார். அந்த வெள்ளைப் படகின் மேல் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் கோப்பையில் காபி வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் கரையில் ஐஸ் பெட்டி ஏற்றிய ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு வழி காட்டிய துறைமுகக் காவலாளி அடித்தார்: பீப், பீப்.

முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். டிரைவரின் கை யாரையும் கேட்காமல் எஞ்சினை முறுக்கிவிட்டது.

"ஐயோ, நான் இல்ல! நான் இல்ல!" என்று முன்னாலிருந்து கத்தினாள் கண்டக்டரம்மா. அதற்குள் டயர் வெள்ளைப் படகின் விலாவில் 'பொத்'தென்று இடித்துவிட்டது. மஞ்சள் தொப்பிக்காரரின் காபி முழுவதும் அவர் சட்டையிலேயே இறங்கியது.

"யோவ்! கண்ணு எங்கய்யா இருக்கு?"

"மன்னிச்சுக்கோங்க சார். விசில் வந்துச்சு..."

"விசிலா? இது என்ன பஸ்ஸா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இப்ப இல்ல சார். முன்னாடி பஸ்தான்," என்றார்.

துறையே சிரித்தது. யாரோ "ரைட், ரைட்!" என்று கத்தினார்கள். மஞ்சள் தொப்பிக்காரர் சட்டையை உதறிக்கொண்டே கண்டக்டரம்மாவைப் பார்த்து, "என்னம்மா, எல்லாருக்கும் டிக்கெட் குடுத்தாச்சா?" என்றார். சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது.

கையளவு நீளத்துக்கு ஒரு கீறல். டிரைவர் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு அந்தப் படகுக்குப் போனார். "நீங்க பக்கத்துல வராம இருந்தா அதுவே போதும்," என்று மஞ்சள் தொப்பிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் திரும்பி வந்தபோது கண்டக்டரம்மா விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் மகள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"மாப்பிள்ளை, உங்க மாடியில இருக்கிற பல் டாக்டர் படகு வேணும்னு கேட்டார்னு சொன்னீங்களே. ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குத் துறைக்கு வரச் சொல்லுங்க. வந்து பார்க்கட்டும்."

டிரைவர் கயிற்றைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அவங்க சிரிச்சதுக்காகவா கோவம்?"

"சிரிச்சதுக்குக் கோவப்பட்டா நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் நாளே வீட்டுக்குப் போயிருப்பேன். பஸ்ல என்னைப் பார்த்துச் சிரிக்காதவங்க யாரு?"

"அப்புறம் என்ன?"

அவள் டப்பாவின் மூடியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்தத் தொப்பிக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். டிக்கெட் குடுத்தாச்சான்னு. யாருக்குங்க குடுக்கிறது? காலையில உட்காருன்னு சொல்றீங்க, உட்கார்றேன். மதியம் உட்காருன்னு சொல்றீங்க, உட்கார்றேன். கடல் நல்லாத்தான் இருக்கு. நான் இல்லைங்கல. ஆனா ஏறவும் ஆள் இல்ல, இறங்கவும் ஆள் இல்ல. அந்த வண்டியில கண்டக்டருக்கு என்னங்க வேலை?"

தாம் நான்கு நாட்களாகக் கொடுத்து வந்தது ஓய்வு என்று டிரைவர் நினைத்திருந்தார். வேலையைப் பறித்துக்கொண்டிருந்தோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மீதமிருந்த வழியில் அவளிடம் சுக்கானைக் கொடுத்துப் பார்த்தார். "இந்தாங்க, டிரைவர் சீட்டைக் குடுத்துச் சமாதானம் பண்ணாதீங்க. எனக்கு அது வேண்டாம்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். குரலில் கோபமில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான்காவது நிறுத்தம் துறைமுகம் அல்ல. மலைகள் கை கோத்தது போலச் சுற்றி நின்ற ஒரு சின்ன விரிகுடா. வீடு இல்லை, விளக்கு இல்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரே வழி. உள்ளே போய் நங்கூரம் போட்டால் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது மாதிரி அசையாமல் கிடந்தது. எவ்வளவு அழகு! டிரைவர் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஒரு ஈ காக்கா இல்ல," என்றாள். மறுநாளும் அங்கேயே தங்கினார்கள். மறுநாளும் ஓர் ஈ காக்கா வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கண் விழித்தபோது உலகத்தையே காணோம். அப்படி ஒரு மூடுபனி. படகின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் முன்முனை தெரியவில்லை. அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அவர் வெளியே வந்து நின்றார். பன்னிரண்டு மணிக்கு டாக்டர். இங்கிருந்து மூன்று மணி நேரம். பனி விலகாவிட்டால் எப்படிப் போவது?

அப்போதுதான் குரல் கேட்டது. வெளியே, பாறைகளுக்கு அந்தப் பக்கம், எங்கேயோ.

"யாராவது இருக்கீங்களா?"

இன்னொரு திசையிலிருந்து எஞ்சின் சத்தம். அது நின்றது. மறுபடி இயங்கியது. அப்புறம் ஒரு குழந்தையின் அழுகை. மூன்றாவது துறையிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் விடியலில் கிளம்பிய படகுகளாக இருக்க வேண்டும். வழியில் பனி பிடித்துக்கொண்டது. கரை எங்கே, பாறை எங்கே என்று தெரியாமல் சுற்றுகின்றன.

"இங்கே! இங்கே வாங்க!" என்று டிரைவர் தொண்டை கிழியக் கத்தினார். பனி அதைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது. அவசரத்துக்கு வாங்கி வைத்திருந்த ஹாரனை எடுத்து அழுத்தினார். அது ஒரு கொட்டாவி விட்டு ஓய்ந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவையாவது அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"தள்ளுங்க," என்றாள் கண்டக்டரம்மா.

பிஸ்கட் டப்பா திறந்திருந்தது. விசில் அவள் வாயில் இருந்தது. ஒற்றை விசில். நீளமாக, கணீரென்று.

வெளியே சத்தமெல்லாம் ஒரு கணம் அடங்கியது. பிறகு பல குரல்கள் ஒன்றாகக் கேட்டன. "அதோ! அங்கே!"

"அரை நிமிஷத்துக்கு ஒண்ணு அடிக்கிறேன். நீங்க கடிகாரத்தைப் பாருங்க," என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக் கை தூக்கினார். அவள் அடித்தாள். கை தூக்கினார், அடித்தாள்.

முதலில் வந்தது நண்டு பிடிக்கும் ஓர் அக்காவும் தங்கையும். துடுப்பை நிறுத்திவிட்டு விசிலைக் கேட்பார்கள், மறுபடி தள்ளுவார்கள். அப்படியே பாறைகளுக்கு நடுவே மூக்கை நீட்டினார்கள். பின்னாலேயே ஒரு மோட்டார் படகு. உல்லாசமாகக் கிளம்பிய ஒரு குடும்பம். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த மாமியார். இரண்டு படகுகளும் உள்ளே நுழைந்த நிம்மதியில் வாசலிலேயே நின்றுவிட்டன.

கண்டக்டரம்மா விசிலைக் கீழே இறக்கினாள். முப்பத்திரண்டு வருஷம் தினமும் சொன்ன வார்த்தைகள், தூசி தட்டாமலே வெளியே வந்தன.

"உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க! பின்னாடி ஆளுங்க வர்றாங்க இல்ல? நடுவுல நிறைய இடம் இருக்கு! அம்மா, குழந்தையை உள்பக்கம் பிடிங்க!"

எல்லாரும் சொன்னபடி உள்ளே போனார்கள். அந்தக் குரலுக்குக் கீழ்ப்படியாமல் இருக்க முடியாது. டிரைவருக்கு அது தெரியும்.

ஒன்றன்பின் ஒன்றாக ஆறு படகுகள் வந்தன. டிரைவர் கயிறு வீசி ஒன்றோடு ஒன்றைக் கட்டினார். அவளோ விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "பதினேழு... பதினெட்டு. இன்னும் யாராவது வெளிய இருக்காங்களா?"

இருந்தார். இடது பக்கப் பாறைக்கு மிகப் பக்கத்தில் ஒரு எஞ்சின் உறுமியது. "எந்தப் பக்கம்? யாராவது சொல்லுங்களேன்!" என்று ஒரு குரல் நடுங்கியது. பனிக்குள் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. தொப்பி.

டிரைவர் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டார். 'இப்போ கேளுய்யா, டிக்கெட் குடுத்தாச்சான்னு' என்று மனசுக்குள் ஒரு சின்னக் குரல் எட்டிப் பார்த்தது. மறு கணமே அவருக்கு வெட்கமாகிவிட்டது. பயத்தில் நடுங்குகிற ஒருவரைப் பார்த்து மனசு இப்படிக் கூட நினைக்குமா என்று கடவுளிடம் அவசரமாக ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கண்டக்டரம்மாவுக்கு அந்த மாதிரி நினைப்பு வந்ததாகவே தெரியவில்லை. ஓடி வரும் பயணி, அவ்வளவுதான். யாராக இருந்தால் என்ன?

விசில் மேல் விசிலாக அடித்தாள். "சார், இடது பக்கம் பாறை! வலது பக்கம் திருப்புங்க! இன்னும் கொஞ்சம்! அப்படியே, அப்படியே... வாங்க வாங்க, உள்ள வாங்க!"

வெள்ளைப் படகு பாறையைத் தொட்டும் தொடாமலும் வழுக்கி உள்ளே வந்தது. டிரைவர் கயிற்றைப் பிடித்துத் தம் படகோடு சேர்த்துக் கட்டினார். இந்தத் தடவை டயர் மெத்தென்று பதிந்தது.

டிரைவர் தேநீரை மஞ்சள் தொப்பிக்காரர் கையில் கொடுத்தார். இந்தக் கோப்பையாவது சட்டைக்குப் போகாமல் வாய்க்குப் போகட்டும் என்று அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா... அன்னிக்கு நான் கேட்டது..."

"விடுங்க சார். இன்னிக்கு யாருக்கும் டிக்கெட் இல்ல. எல்லாருக்கும் பாஸ்தான்," என்றாள் கண்டக்டரம்மா.

முதலில் சிரித்தவர் அவர்தான். அப்புறம் எட்டுப் படகும் சிரித்தது. பிஸ்கட் டப்பா படகு படகாகக் கை மாறிப் போய்க் காலியாகித் திரும்பி வந்தது. நண்டுக்கார அக்கா, மாமியாருக்கு நண்டு பிடிக்கும் கூடு பின்னக் கற்றுக் கொடுத்தாள். மாமியார் 'அப்பவே சொன்னேனை' மறந்துவிட்டார். மஞ்சள் தொப்பிக்காரர் குழந்தைகளுக்குத் தம் தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டார். கண்டக்டரம்மா ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி, யாருக்குக் குளிர்கிறது, யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உட்காரவே இல்லை. உட்காரு என்று டிரைவரும் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குப் பனி விலகியது. ஒவ்வொரு படகுக்கும் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அவள் இரண்டு விசில் அடித்து அனுப்பினாள். எல்லாரும் போன பிறகுதான் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை நேரமும் கை தூக்குவதற்காக அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் அதில் மணி என்ன என்று பார்க்க ஒரு தடவை கூட அவருக்குத் தோன்றவில்லை.

நங்கூரத்தைத் தூக்கினார். சுக்கானில் கை வைத்துக் கண்ணை மூடித் திறந்தார். விசிலுக்காகக் காத்திருந்தார்.

"ம், போலாம்," என்றாள் அவள், வாயால்.

உதடு வீங்கியிருந்தது. அதனால்தானோ? அல்லது பேச்சு பேச்சுதான், படகு கையை விட்டுப் போகத்தான் போகிறது என்கிறாளோ? அவர் கேட்கவில்லை. கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

ஐந்தாவது துறைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. அவர் வாழ்க்கையிலேயே இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. மகளும் மாப்பிள்ளையும் கை காட்டினார்கள். பக்கத்தில் குடை பிடித்தபடி பல் டாக்டர். ஒல்லியான, கூச்சமான மனிதர். இரண்டு மணி நேரம் நின்றும் முகத்தில் சலிப்பு இல்லை. பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் படகைப் பார்த்தார்.

"ஏறிப் பாருங்க டாக்டர்," என்றார் டிரைவர். கண்டக்டரம்மா மகளோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, தேநீர் போட அறைக்குள் போனாள்.

டாக்டர் எல்லாவற்றையும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். பல்லைப் பார்க்கிற பழக்கம். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்குப் படகைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். நீங்க சொல்றதுதான். அடியில எங்கயாவது கசியுதா?"

டிரைவர் தண்ணீரைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை. 'லேசா' என்று சொன்னால் போதும். இந்தப் பயந்த மனிதர் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். படகு அவரிடமே இருக்கும். சத்தியத்தையும் மீறியதாகாது. அவரா விற்க மாட்டேன் என்றார்?

சுக்கான் பிடியின் மேல் அவர் கை இருந்தது. தினமும் கண்ணை மூடி நின்ற இடம்.

"ஒரு சொட்டுக் கூடக் கசியாது டாக்டர்," என்றார். "அறைக் கதவு கொஞ்சம் கிறீச்சுங்கும், எண்ணெய் விட்டாச் சரியாயிடும். ஹாரன் ஒண்ணு இருக்கு, அது வேலைக்கு ஆகாது, என் தப்பு. மத்தபடி இது மாதிரி நல்ல படகு கிடைக்காது. பக்கக் காத்துல பாயை இழுத்துக் கட்டினா, பால்காரன் சைக்கிள் மாதிரி சொன்ன நேரத்துக்குப் போகும்."

"அப்புறம் ஏன் சார் குடுக்கறீங்க?"

"எனக்குப் படகு பிடிக்கும். என் வீட்டுக்காரிக்கு ஆளுங்க பிடிக்கும். நாலு நாள் அவளை உட்கார வச்சே கூட்டிட்டு வந்துட்டேன். இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்தும் எனக்கு அது தெரியல பாருங்க."

கிறீச் என்று கதவு திறந்தது. கண்டக்டரம்மா தேநீர்த் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. டாக்டரிடம் ஒரு கோப்பையை நீட்டினாள்.

"டாக்டர், நீங்க கடல்ல போயிருக்கீங்களா?"

"இல்லம்மா. படத்துலதான் பார்த்திருக்கேன்."

"அப்போ வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டாப் வந்து பார்த்துடுங்க. அடுத்த துறை ஒண்ணரை மணி நேரம்தான். திரும்பி வர்றதுக்குப் பஸ் இருக்கு. பிடிச்சுதுன்னா இந்த மாதிரி வேற படகு பார்த்து வாங்கிக்கோங்க. இவர் தேடித் தருவாரு."

"வேற படகா?" என்றார் டாக்டர்.

"வேற படகா?" என்றார் டிரைவர்.

"அம்மா! அஞ்சாவதோட முடிஞ்சுதுன்னு சொன்னியே!" என்றாள் கரையிலிருந்து மகள்.

"அஞ்சாவதுல நான் சொல்றதுதான்னு பேச்சு. சொல்லிட்டேன்." கண்டக்டரம்மா டிரைவர் பக்கம் திரும்பினாள். "ஆனா டிரைவரே, கேட்டுக்கோங்க. எந்தத் துறையிலயும் அடுத்த துறைக்குப் போகணும்னு யாராவது நின்னுட்டுத்தான் இருப்பாங்க. நின்னா ஏத்திக்கணும். படித்துறையில யாராவது கை காட்டினா ஒதுக்கணும். பட்டியல்ல இல்லைன்னு சொல்லக் கூடாது."

டிரைவர் எழுந்து போய்க் கதவிலிருந்த அட்டையைக் கிழித்தார். நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடுவது நின்றது. அந்த அட்டவணை சரியாக வேலை செய்தது அப்போதுதான்.

டாக்டர் குடையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். அவர்களுக்கு முன்பே வந்து அடுத்த மேடையில் வெள்ளைப் படகை நிறுத்தியிருந்த மஞ்சள் தொப்பிக்காரர், "ஆறாவது ஸ்டாப்பா அம்மா? விசில் கேட்கிற தூரத்துல நானும் வர்றேன்!" என்று கத்திக்கொண்டே கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அந்தக் கையளவு கீறல் அப்படியே இருந்தது.

பாய் ஏறியது. கடைசிக் கயிறு டிரைவர் கைக்கு வந்தது. அவர் சுக்கானில் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடினார். இந்தத் தடவை கேட்பதற்கு ஒன்றுமில்லை. அதனால் அந்த ஒரு மூச்சு முழுவதும் நன்றியாகவே போயிற்று.

கண்ணைத் திறந்தார். கண்டக்டரம்மா இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், பின்னால் யாராவது ஓடி வருகிறார்களா என்றும் பார்த்தாள். வீங்கிய உதட்டில் விசிலை வைக்கப் போனவள், மறுபடி எடுத்தாள்.

"டாக்டர், படியில நிக்காதீங்க. உள்ள வாங்க."

பீப், பீப்.